நாற்பது நாள் லீவு

"ஒன்பதாம் பக்கம் மட்டும் ஒரு காப்பி," என்றார், பழைய சர்வீஸ் புத்தகம் ஒன்றை நீட்டிய பெரியவர்.

எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஓரம் வெட்டுப்பட்டிருக்கு. கையெழுத்து பாதிதான் தெரியுது."

"மறுபடி எடுக்கிறேன் சார்."

"எடு. ஆனா முதல் காப்பியைக் கிழிச்சிடாத. பின்னாடி 'தப்பு'ன்னு எழுதி என்கிட்டயே கொடு. தப்பான காகிதமும் ஒரு காகிதம்தான்."

இரண்டாவது சரியாக வந்தது. இரண்டையும் தனித்தனி உறையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு மொழியும் எழுதுவியாமே?"

"எழுதுவேன் சார்."

"எழுதுவியா, எழுத்துக்கூட்டிப் படிப்பியா?"

பின்னால் மிஷினுக்கு மை போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா குரல் கொடுத்தார். "ரெண்டுலயும் எழுதுவா சார். பேசறதுதான் ஒண்ணுலயும் கிடையாது."

"அதுவும் நல்லதுதான். இந்த வரியைப் படி."

அவர் விரல் வைத்த வரி அலுவலக மொழியில் இருந்தது. ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதி வரை லீவு, நாற்பது நாள். கீழே ஓர் அதிகாரியின் கையெழுத்து.

"நாற்பது நாள் லீவுல இருந்தீங்கன்னு போட்டிருக்கு."

"நான் லீவுல இல்ல."

"அப்ப எங்க சார் இருந்தீங்க?"

"அதை எழுதத்தான் வந்திருக்கேன். பக்கத்தைத் திருப்பு. விருதுகள்னு ஒரு கட்டம் இருக்கா?"

"இருக்கு. காலியா இருக்கு."

"அதுல ஒண்ணு வரணும். அது வந்தா இந்த வரி தப்புன்னு ஆயிடும். லீவுல இருந்தவனுக்கு மெடல் கொடுக்க மாட்டாங்க இல்ல?"

"ஆமா சார்."

"எனக்கு மெடல் முக்கியமில்ல. இந்த வரி போகணும்."

"யார் சார் இப்படித் தப்பா எழுதினது?"

"யாரும் தப்பா எழுதல. எழுதின அன்னைக்கு அது சரிதான். அப்புறம் மாத்தியிருக்கணும். மாத்தல."

"யாரு மாத்தல?"

"எங்க கம்பெனி கிளார்க்."

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

"உன் முன்னாடிதான் உட்கார்ந்திருக்கான்," என்றார் அவர்.

அரசு அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் தெருவில் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மனு டைப் செய்வது, படிவம் நிரப்புவது, வந்த பதிலைப் படித்துச் சொல்வது என் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கையெழுத்துக்காகவோ ஒரு முத்திரைக்காகவோ அலைகிறவர்கள். இவர் மூன்று வருஷம் வந்தார்.

பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். அங்கே லாரிகள் ஓட்டும் ஒரு கம்பெனியில், அதாவது ஒரு படைப்பிரிவில், கிளார்க். துப்பாக்கியைவிடப் பேனாவைப் பிடித்த நாள்தான் அதிகம் என்று அவரே சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு பதினைந்து வருஷம் ஒரு மரக்கடை வாசலில் உட்கார்ந்து, உள்ளே வரும் லாரியையும் வெளியே போகும் லாரியையும் எழுதினார். அதையும் விட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நீளமான நோட்டு ஒன்றை வாங்கித் தெருவை எழுத ஆரம்பித்தார். குழாயில் தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், குப்பை வண்டி வராத நாள், கம்பத்தில் விளக்கு எரியாத நாள். தெருவில் அவருக்கு 'ரெஜிஸ்டர்' என்று பெயர். "ரெஜிஸ்டரைக் கேளு, நாய் குட்டி போட்ட தேதிகூடச் சொல்வாரு," என்று சிரிப்பார்கள். சிரித்தவர்களே மறுநாள் வந்து, "போன செவ்வாய்க்கிழமை தண்ணி எத்தனை மணிக்கு சார் நின்னுது?" என்று கேட்பார்கள். அவரும் நோட்டைப் புரட்டிச் சொல்வார். அந்த நோட்டில் அவரைப் பற்றி மட்டும் ஒரு வரியும் கிடையாது.

"ஏட்டுல இல்லாதது நடக்கல." அவர் வாயில் எப்போதும் இருக்கும் வாக்கியம் இது. பட்டாளத்தில் சண்டைக்கு வருகிறவனிடம் சொன்னார், மரக்கடையில் லாரி டிரைவரிடம் சொன்னார், வீட்டில் பெண்டாட்டியிடமும் மகளிடமும் சொன்னார். கடைசியில் அது சுற்றிக்கொண்டு அவர் கழுத்துக்கே வந்தது.

என்ன நடந்தது என்பதை இரண்டாம் முறை வந்தபோது சொன்னார். மனுவுக்கு வேண்டும் என்பதால் சொன்னார், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் மனைவிக்குத் தலைப்பிரசவம். நாற்பது நாள் லீவு கிடைத்தது. அவருடைய கம்பெனியிலிருந்து எட்டுப் பேர் அன்று ஒரே ரயிலில் லீவில் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் கம்பெனியின் முடிவெட்டுகிறவர். பாதி வழியில், ஒரு பெரிய ஜங்ஷனில், சீருடை போட்ட எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். எல்லையில் சண்டை ஆரம்பித்திருந்தது. யார் எந்தப் பிரிவு, என்ன வேலை என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. எட்டுப் பேரையும் ஒரே லாரியில் ஏற்றி, காயம்பட்டவர்களை வைத்திருந்த முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே நாற்பது நாள் ஸ்ட்ரெச்சர் தூக்கினார்கள். மேட்டிலிருந்து கீழே, கீழேயிருந்து மேட்டுக்கு. ஒரு முறை மண் சரிந்து விழுந்ததில் இவருக்குக் காதுக்கு மேல் ஏழு தையல். முகாமில் இருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்: லீவு ரத்தாகிவிட்டது, சண்டை, வர முடியவில்லை. பதினோராம் நாள் மகள் பிறந்தாள். அது அவருக்கு ஐம்பதாம் நாள்தான் தெரிந்தது.

முகாம் டாக்டர் அந்த எட்டுப் பேருக்கும் மெடல் எழுதினார். பட்டியல் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. அதைப் பிரித்தவரும் இவர்தான், தன் மேஜைக்குத் திரும்பிவிட்ட கிளார்க்.

"அன்னைக்கே ஏழு பேரோட புத்தகத்தையும் எடுத்து லீவு வரியை அடிச்சேன். மெடலை எழுதினேன். அதிகாரிகிட்டக் கையெழுத்து வாங்கினேன்," என்றார்.

"உங்களோடது?"

"என் பக்கத்துல நான் எழுதக் கூடாதும்மா. கம்பெனியில ரெண்டு கிளார்க். என் பக்கத்தை அவன் எழுதுவான், அவன் பக்கத்தை நான் எழுதுவேன். அதான் முறை. அவன் அப்ப மஞ்சக்காமாலைன்னு ஆஸ்பத்திரியில கிடந்தான். வந்து எழுதட்டும்னு பட்டியல்ல என் பேருக்கு நேரா பென்சில்ல ஒரு டிக் போட்டு வச்சேன். மையில டிக் போட்டா எழுதியாச்சுன்னு அர்த்தம். பென்சில்னா இன்னும் எழுதல."

"அவர் வந்து எழுதலையா?"

"அவன் வரவே இல்ல. வேற ஊருக்கு மாத்திட்டாங்க. அவன் இடத்துக்கு வந்தவன்கிட்ட, 'என்னோடது ஒண்ணு இருக்கு, பாரு'ன்னேன். அவன் பட்டியலைப் பார்த்தான். எட்டுப் பேருக்கும் டிக் இருக்கு. 'எல்லாம் எழுதியாச்சே'ன்னான். சரி, எழுதிட்டான் போலன்னு நானும் விட்டேன்."

"எடுத்துப் பார்த்திருக்கலாமே சார்?"

"தன் பக்கத்தைத் தானே எடுத்துப் பார்க்கிற கிளார்க்கை யார் நம்புவாங்க?"

நான் புத்தகத்தை மூடிக் கொடுத்தேன். அவர் போன பிறகு சித்தப்பா, "இவ்வளவு நேர்மையா இருந்தா இப்படித்தான் ஜெராக்ஸ் கடையில வந்து உட்காரணும்," என்றார்.

ஓய்வு பெற்ற அன்று சர்வீஸ் புத்தகத்தின் நகல் கைக்கு வந்தது. மகளுக்கு அப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் அலுவலக மொழி படித்துக்கொண்டிருந்தாள். பெருமையாகப் புத்தகத்தை வாங்கி அம்மாவுக்குப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினாள். ஒன்பதாம் பக்கத்தில் நின்றாள். "அப்பா, நான் பொறந்தப்ப நீங்க லீவுலதான் இருந்திருக்கீங்க," என்றாள்.

அவர் விளக்கிச் சொன்னார். மனைவி, "ஏட்டுல இல்லாதது நடக்கலன்னு நீங்கதானே சொல்வீங்க," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு, வீட்டில் எப்போது வாய்ச்சண்டை வந்தாலும் அந்த நாற்பது நாள் ஒரு முறை தலைகாட்டிவிட்டுப் போகும். "ஆமா, நாற்பது நாள் லீவு போட்டு ஊரைச் சுத்தினவருக்கு உப்பு விலை எப்படித் தெரியும்" என்கிற மாதிரி. குத்திக்காட்டுகிறாள், அவ்வளவுதான் என்று இவரும் இருந்துவிட்டார். இருபத்தைந்து வருஷம் அப்படியே போனது.

மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். மனைவிக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. கட்டோடு படுத்திருந்தவர் ஒரு மத்தியானம், கோபமே இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவரிடம் கேட்டார்.

"இப்பவாவது சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வயசாயிடுச்சு, இனிமே என்ன. அந்த நாற்பது நாள் யார் வீட்ல இருந்தீங்க?"

அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. அது குத்தலாக இருந்ததே இல்லை. கேள்வியாகவே இருந்திருக்கிறது. கட்டு அவிழ்த்த மறுவாரம் அவர் எங்கள் கடைக்கு வந்தார்.

முதல் மனுவை நான் எழுதியபோது, "பணிவுடன் வேண்டுகிறேன்" என்று முடித்திருந்தேன். "வேண்டவேண்டாம். திருத்தச் சொல்லு போதும்," என்றார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: இந்த மனு உரிய படிவத்தில் இல்லை. உரிய படிவத்தில் அனுப்பினோம். ஆறு மாதம். பதில்: ஆதாரம் இணைக்கப்படவில்லை. ஆதாரம் உங்களிடம் உள்ள பட்டியல்தான் என்று எழுதினோம். எட்டு மாதம் கழித்து வந்த பதில்: மனுதாரரின் பெயரில் தேடியதில் அப்படி எதுவும் இல்லை. அந்தக் காலத்துக் கோப்புகள் பல, வைத்திருக்க வேண்டிய கெடு முடிந்து, முறைப்படி அழிக்கப்பட்டுவிட்டன.

அதை நான் தயங்கித் தயங்கித்தான் படித்தேன். அவர் கையில் வாங்கி ஒரு முறை பார்த்தார். "நல்லா எழுதியிருக்கான்," என்றார். "ஒரு வார்த்தை அதிகம் இல்ல."

முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்கு ஒரு நாள் படிவம் நிரப்ப நானும் போனேன். நீளமான தாழ்வாரம், கால் ஆடும் பெஞ்சு, சுவர் ஓரத்தில் கட்டுக்கட்டாகக் காகிதம். ஏழாவது டோக்கன். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க் கெட்டவர் இல்லை, களைத்திருந்தார். "ஐயா, நான் என்ன பண்ணட்டும்? ரெக்கார்டுல இல்லையே," என்றார்.

"தெரியும் தம்பி. முப்பத்துமூணு வருஷம் நானும் இதையேதான் சொன்னேன்."

"அப்புறம் ஏன் அலையறீங்க?"

"நான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சுபோச்சு."

திரும்பும் வழியில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலைத் தடவிக்கொண்டே, "அந்தக் காலத்துல எத்தனை பேரை இப்படிப் படியிறங்க வச்சேனோ," என்றார். நான் பைலை வாங்கிக்கொண்டேன். அதில் எங்கள் காகிதம் எல்லாம் தேதிவாரியாக இருந்தது, 'தப்பு' என்று எழுதிய முதல் நாள் காப்பி உட்பட.

மீதி இருந்தது சாட்சி. அந்த ஏழு பேரையும் தேடினோம். நான்கு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை. ஒருவருக்குத் தன் பெயரே நினைவில் இல்லை என்று அவர் மகன் சொன்னார். ஏழாவது ஆள் முடிவெட்டுகிறவர். அவர் நம்பர் கிடைக்கவே மூன்று மாதம் ஆயிற்று. கடை போனில், எல்லாருக்கும் கேட்கும்படி போட்டு ரெஜிஸ்டர் பேசினார். அந்தப் பக்கம் இருந்தவருக்குக் காது மந்தம்.

"யாரு?"

"நான்தான்டா. கிளார்க்கு."

"பேங்க்லயா? நான் கடனே வாங்கலையே."

"பேங்க் இல்லடா. கம்பெனி கிளார்க்கு! உன் லீவை அடிச்சு மெடலை எழுதினவன்!"

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "அடப்பாவி, நீ இன்னும் இருக்கியா?"

"இருக்கேன். ஏட்டுலதான் இல்ல."

"தலையில முடி இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"இடது காதுக்கு மேல இருக்காதே! ஏழு தையல். அதைச் சுத்தி வெட்டினது நான்தானே. என் தொழிலுக்கே கெட்ட பேரு வர்ற மாதிரி ஒரு தலையை வச்சுக்கிட்டு மூணு மாசம் திரிஞ்சே. 'இதை யாரு வெட்டினது'ன்னு மேஜர் கேட்டாரு. 'மலை வெட்டினது சார்'னேன்."

ரெஜிஸ்டர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "உன் சர்வீஸ் புத்தகத்துல மெடல் வரியை எடுத்துப் படி," என்றார்.

"எனக்குக் கண்ணு தெரியாது. மருமக படிப்பா, இரு."

மருமகள் புத்தகத்தைத் தேடி எடுத்து, தட்டுத்தடுமாறிப் படித்தார். மெடலின் பெயர். அதன் கீழே பொடி எழுத்தில்: காயம்பட்டோர் முகாமின் பட்டியல் எண் முப்பத்தொன்று, வரிசை ஐந்து.

ரெஜிஸ்டர் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டார். "பட்டியல் நம்பரைப் போட்டிருக்கேனா நான்?"

"உன் கையெழுத்துதான்டா. கோழி கிண்டின மாதிரி இருக்குன்னு மருமக சொல்றா."

"அது அவசரத்துல எழுதினது," என்றார் இவர், பதினாறு வயதுப் பிள்ளை திட்டு வாங்கிய மாதிரி.

பெயரைக் கொடுத்துத் தேடச் சொன்னதால்தான் கிடைக்கவில்லை. அந்தப் பெயர்தான் எங்கேயும் ஏறவில்லையே. ஏழு பேருக்காக அவர் ஒழுங்காக எழுதிய எண் இத்தனை வருஷமும் இன்னொருவர் புத்தகத்தில் இருந்திருக்கிறது. நான்காம் மனு ஒரு பக்கம்கூட இல்லை. பட்டியல் எண் முப்பத்தொன்றை எடுத்துப் பாருங்கள், வரிசை ஐந்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். முடிவெட்டுகிறவரின் உறுதிமொழியையும் அவர் புத்தகத்தின் நகலையும் இணைத்தோம்.

பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பட்டியல் அழிக்கப்படவில்லை. அதன் நகலையே உறையில் வைத்து அனுப்பியிருந்தார்கள். எட்டுப் பெயர், எட்டு டிக். நான்காவது வரிசையில் அவர் பெயர்.

"இது என் டிக்தான்," என்றார்.

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு சார்? காப்பியில பென்சிலா மையான்னு எப்படித் தெரியும்?"

"அழுத்தத்தைப் பாரு. பென்சில்ல நான் அழுத்த மாட்டேன். அழிக்க வசதியா இருக்கணும்."

கடிதத்தில் இரண்டு முடிவு இருந்தது. ஒன்று: மெடல் உரியது, விருதுகள் கட்டத்தில் ஏற்றப்பட்டது. இரண்டு: லீவு வரியைப் பொறுத்தவரை, அதில் கையெழுத்திட்ட அதிகாரி உயிரோடு இல்லை, லீவை ரத்து செய்த ஆணையும் கிடைக்கவில்லை, ஆகவே அந்த வரி இருக்கிறபடியே இருக்கும்.

சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "லீவுல போய் மெடல் வாங்கின ஒரே ஆள் நீங்கதான் சார்," என்றார்.

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பாதி குடித்து வைத்தார். மூன்று வருஷத்தில் அவர் சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நிற்கத் தொடங்கியிருந்தது. மெடல் வந்ததில் எனக்கு இருந்த சந்தோஷம்கூட அவருக்கு இல்லை. அவர் கேட்டது இரண்டாவது.

"லீவு வரிக்கு இன்னொரு மனு எழுதட்டுமா சார்?"

"எழுதி வை." எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "இதை வீட்டுக்கு வந்து அவளுக்குப் படிச்சுக் காட்டறியா? நான் படிச்சா நானா சேர்த்துச் சொல்றேன்னு நினைப்பா. முதல்ல அவங்க மொழியில படி, அப்புறம் நம்ம மொழியில சொல்லு. லீவு வரியையும் விடாத."

மாடியில் இரண்டு அறை. சன்னலோரம் தையல் மிஷின். அவர் மனைவி பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி தடிமனாக இருந்தது.

"வாம்மா. முதல்ல இந்த ஊசியில நூலைக் கோத்துக் கொடு. கடுதாசி எங்கயும் ஓடிடாது."

கோத்துக் கொடுத்தேன்.

"அவரு ஏன் படியிலயே நிக்கிறாரு?"

"படிச்சு முடிச்சதும் வரேன்னார்மா."

"சாட்சி பேசறப்ப குத்தவாளி உள்ள வரக் கூடாதாமா? இதெல்லாம் எந்த ஏட்டுல இருக்கு?"

படித்தேன். அவருக்குப் புரியாத மொழியில் ஒரு முறை, புரிந்த மொழியில் ஒரு முறை. ஊசி நின்றது. மெடலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"முகாம்ல எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைன்னு போட்டிருக்கா?"

பட்டியலின் தலைப்பிலிருந்து சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். பதினொன்றில் நிறுத்தினார்.

"அன்னைக்கும் அங்கதான் இருந்தாரா?"

"நாற்பது நாளும் அங்கதான்னு இருக்கும்மா."

"யாரு கையெழுத்து?"

"முகாம் டாக்டர்."

"இவரு எழுதினது எதுவும் இல்லையே?"

"ஒரு டிக் மட்டும்."

சட்டையை மடியில் வைத்தார். ஒரு பொத்தான் உருண்டு மிஷினுக்கு அடியில் போனது. இருவரும் எடுக்கவில்லை.

"அப்ப அந்தக் கடுதாசி நெசம்," என்றார். "லீவு ரத்துன்னு எழுதியிருந்தாரு. பதினாறு வருஷம் பெட்டியில வச்சிருந்தேன். புத்தகத்தை மக படிச்சா பாரு, அன்னைக்குக் கிழிச்சு அடுப்புல போட்டேன்."

ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். பிறகு வாசலைப் பார்த்து, வழக்கமான குரலில் கூப்பிட்டார்.

"உங்களத்தான். உள்ள வாங்க. பாவம், கால் வலிக்கப் போகுது."

அவர் வந்து கதவருகில் நின்றார்.

"லீவு அப்படியே இருக்காமே?"

"அந்த வரியை எடுக்க மாட்டேங்கறாங்க. இன்னொரு மனு போடணும்."

"எதுக்கு? அடுத்த கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகற வரைக்குமா?" கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "கொடுத்த லீவு. எடுக்கல. அவ்வளவுதானே? இருக்கட்டும். இப்ப எடுங்க. நாற்பது நாள் வீட்ல இருங்க. தண்ணி எப்ப வந்தா என்ன, குப்பை வண்டி வராட்டி என்ன."

"இப்ப யாரு சாங்ஷன் பண்றது?"

"நான்தான். கீழ குனிஞ்சு அந்தப் பொத்தானை எடுங்க."

அவர் மெதுவாக, மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

நான்கு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். ஐந்தாம் மனு தயாராக இருந்தது. கடைசி வரை படித்தார், ஓர் இடத்தில் கமா போட்டார், மடித்தார். பின்பக்கம் 'அனுப்பவில்லை' என்று எழுதித் தேதி போட்டு, பைலில் வைக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார். பிறகு துணிப்பையிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்தார். அன்றைய பக்கத்தைப் புரட்டினார். தண்ணீர் வந்த நேரத்துக்கான இடம் காலியாக இருந்தது. நோட்டை என் பக்கம் திருப்பி, தன் பேனாவை மூடி கழற்றி அதன் மேல் வைத்தார்.

"இன்னையில இருந்து நாற்பது நாள் லீவுன்னு ஒரு வரி எழுதும்மா," என்றார். "என் பேரைப் போட்டு எழுது. கீழ உன் கையெழுத்தும் போடு. என் பக்கத்துல நான் எழுதக் கூடாது."